கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு வரி: நடத்தை விதிகளைத் திருத்தக் கோரி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசின் மனிதவள மேலாண்மைத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

மாவட்ட அளவிலான அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி பணியமைப்புப் பிரிவிலேயே கழிந்தது. பணிப்பதிவேடு, ஊதிய உயர்வு, விடுப்பு, பணியிட மாறுதல், ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி சிறு தண்டனைக்கான 17(அ), பெருந்தண்டனைக்கான 17(ஆ) குற்றச்சாட்டுக் குறிப்பாணைகள், சொத்து விவர அறிக்கைகள் என்று சக ஊழியர்களின் வாழ்வில் நல்லதும் கெட்டதுமாக நடந்த பலவும் என் மேசை வழியாகவே போய்வந்தன. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 என்ற அந்தத் தொகுப்பை மனப்பாடம் ஆகும் அளவுக்குப் புரட்டியிருக்கிறேன். அரை நூற்றாண்டைக் கடந்துவிட்ட அவ்விதிகளைத் திருத்தி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல். துறையோடு சங்கங்களையும் சேர்த்து விளித்ததற்குக் காரணம் இருக்கிறது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

எங்கள் பிரிவில் ஓர் இரும்புப் பீரோ இருந்தது. அதன் கீழ்த்தட்டு முழுவதும் சொத்து விவர அறிக்கைகள்தாம். ஊழியர் தம் பெயரையும் பதவியையும் மேலே எழுதி, ஒட்டிக் கொடுத்த உறைகளை ஆண்டுவாரியாகச் சிவப்பு நாடாவில் கட்டி அடுக்கியிருந்தோம். அறிக்கை கொடுத்தவர்களைப் பதிவேட்டில் குறிப்பதும், கொடுக்காதவர்களுக்கு நினைவூட்டு அனுப்புவதும் என் வேலை. உறைக்குள் எழுதியிருப்பது உண்மைதானா என்று பார்க்கும் வேலை எனக்குத் தரப்படவில்லை. எனக்கு மேலிருந்தவர்களும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. நான் அங்கிருந்த ஆண்டுகளில் அந்தக் கட்டுகள் அவிழ்க்கப்பட்டது இரண்டே முறை. இரண்டு முறையும் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான். ஓர் ஊழியர் மீது வழக்குப் பதிந்த பின்னரே, அவர் பல ஆண்டுகளுக்கு முன்பு நேர்மையாகவோ பொய்யாகவோ எழுதிக் கொடுத்த காகிதத்தை அரசு முதன்முறையாகப் படித்தது. இரண்டாம் முறை அந்த உறையைக் கிழித்துக் கொடுத்தவன் நான். பசை காய்ந்து, உறை கைபட்டவுடனேயே பிரிந்துவிட்டது.

இன்று நிலைமை மாறியிருக்க வேண்டும். பதிவுத்துறையின் வில்லங்கச் சான்றை யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். பட்டா, சிட்டா விவரமும் அப்படியே. ஊழியரின் ஊதியமும் விடுப்பும் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. களஞ்சியம் செயலியில் தம் ஊதியச் சீட்டை அவர் கைப்பேசியிலேயே எடுத்துக்கொள்கிறார். ஒரே அரசின் கையிலுள்ள இவ்விரு தரவுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சொத்து அறிக்கையைக் காகிதத்தில் வாங்குவதை அறவே நிறுத்துங்கள். ஒவ்வோர் ஆண்டும் குலுக்கல் முறையில் ஒரு பங்கு அறிக்கைகளைத் தேர்ந்தெடுத்து, பதிவுத்துறைத் தரவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற கடமையை விதியிலேயே எழுதுங்கள். யாருடைய உறை திறக்கப்படும் என்று எவருக்கும் முன்கூட்டித் தெரியாமலிருந்தாலே போதும். எழுதும் கை தானாகவே கவனமாக எழுதும்.

இப்போதைய ஏற்பாட்டில் மாட்டிக்கொள்பவர் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி ஊர் ஓரத்தில் ஒரு மனை வாங்கிய இளநிலை உதவியாளர், முன்னனுமதி கேட்ட விண்ணப்பம் மேசை மேசையாக நின்றுவிட்டதால், பத்திரப் பதிவு தேதியைத் தள்ள முடியாமல் பதிந்துவிடுகிறார். அவருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வருகிறது, 17(அ) வருகிறது, பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நிற்கிறது. இத்தகைய குறிப்பாணைகளை நானே வரைந்திருக்கிறேன். மாமியார் பெயரிலும் மைத்துனர் பெயரிலும் வாங்கத் தெரிந்தவருக்கோ முன்னனுமதி என்ற பேச்சே எழவில்லை. மறைக்கத் தெரியாதவரை மட்டும் பிடிக்கும் விதியை நேர்மைக்கான விதி என்று எப்படி அழைப்பது?

சொத்து விவரத்தை ஊரறிய வெளியிட வேண்டுமா என்ற கேள்வியில் எனக்கும் தயக்கம் உண்டு. இந்திய ஆட்சிப்பணி அதிகாரிகள் தங்கள் அசையாச் சொத்து விவரத்தை ஆண்டுதோறும் ஜனவரி 31க்குள் தர வேண்டும், அது இணையத்தில் வெளியாகிறது. பீகார் அரசு அமைச்சர்கள், அதிகாரிகளின் சொத்து விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. உத்தரப் பிரதேச அரசு 2024இல், இணையத்தில் சொத்து விவரம் பதியாதவருக்கு ஊதியம் இல்லை என்றே உத்தரவிட்டது. நம் மாநிலத்தில் ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டாலும், ஊழியரின் சொத்து விவரம் தனிப்பட்ட தகவல் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு குறுக்கே நிற்கிறது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவை மேலும் சாத்திவிட்டது. ஆகவே மக்கள் கேட்டுப் பெறும் வழியை நம்பியிராமல், அரசே முன்வந்து வெளியிடும் வழியை விதியில் வகுக்க வேண்டியிருக்கிறது. அலுவலக உதவியாளரின் ஓட்டு வீட்டையும் மனைவியின் தாலிக்கொடியையும் ஊர் பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஒப்புதல் தரும் அதிகாரமும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரமும், உரிமம் வழங்கும் அதிகாரமும் உள்ள பதவிகளுக்கு மட்டும் வெளியீட்டைக் கட்டாயமாக்கினால் போதும் என்பது என் கருத்து.

ஆனால் இவையனைத்தும் நிறைவேறினாலும், நான் முதன்மையாகக் கேட்க வந்தது மிச்சமிருக்கும். சொத்து அறிக்கை, முடிந்துபோன காரியத்தின் தடத்தைத்தான் காட்டும். முடிவெடுக்கும் அந்த நேரத்தில் மேசையில் என்ன நடக்கிறது என்பதை அது காட்டாது. ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கு மேசை, நாற்காலி வாங்க மூன்று விலைப்புள்ளிகள் வந்தன. மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் தாள்கள். மூன்றிலும் எண்கள் ஒரே கையால் எழுதப்பட்டிருந்தன. ஏழு என்ற எண்ணின் நடுவே குறுக்குக் கோடு போடும் அந்தப் பழக்கம் மூன்றிலும் இருந்தது. குறைந்த விலை கொடுத்த நிறுவனம், ஒப்புதல் தர வேண்டிய அதிகாரியின் மைத்துனருடையது. அலுவலகத்தில் அனைவருக்கும் அது தெரியும். விலை சந்தை விலையைவிட அதிகமில்லை, பொருளும் மோசமில்லை, பணம் கைமாறியதாக எவரும் சொல்லவும் இல்லை. குறிப்புக் கோப்பில் "குறைந்த விலைப்புள்ளியை ஏற்கலாம்" என்று எழுதப்பட்டிருந்தது. அதன் கீழே சுருக்கொப்பம் இட்டவர்களில் நானும் ஒருவன். எதிர்த்து எழுதவேண்டும் என்று தோன்றியும், எந்த விதியைச் சுட்டி எழுதுவது என்று தெரியாமல் பேனாவை எடுத்தேன். அன்று என் முன்னே இருந்த கோப்பிலோ, அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்த ஆயிரக்கணக்கான கோப்புகளிலோ, "இதில் உமக்கோ உம் உறவினருக்கோ தொடர்பு உண்டா?" என்று கேட்கும் ஒரு வரியை நான் கண்டதே இல்லை.

அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறேன். கொள்முதல், ஒப்பந்தம், உரிமம், நில ஒதுக்கீடு, நியமனம் ஆகியவை குறித்த ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும், அதில் குறிப்பு எழுதுபவர் முதல் ஒப்புதல் தருபவர் வரை ஒவ்வொருவரும், தமக்கும் தம் உறவினருக்கும் இதில் நலன் ஏதும் இல்லை என்றோ, இருக்கிறது, ஆகவே விலகிக்கொள்கிறேன் என்றோ எழுதிக் கையெழுத்திட வேண்டும். பொய்யாக எழுதினால் அதுவே தனிக் குற்றச்சாட்டாக வேண்டும். விலகியவர் மீது எந்தக் குறையும் எழுதப்படக் கூடாது.

இது புதுமையான கோரிக்கை அல்ல. தமக்குத் தொடர்புள்ள வழக்கிலிருந்து நீதிபதி விலகிக்கொள்கிறார். கம்பெனிச் சட்டம், 2013இன் 184ஆம் பிரிவு, நிறுவன இயக்குநர் ஒப்பந்தங்களில் தமக்குள்ள நலன் தொடர்பைக் கூட்டத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. அகில இந்தியப் பணி நடத்தை விதிகளிலும் 2014இல் செய்த திருத்தம், பொதுக் கடமையோடு தொடர்புடைய சொந்த நலன்களை அறிவித்து, முரண்பாட்டைப் பொதுநலனைக் காக்கும் வகையில் தீர்க்க வேண்டும் என்ற கடமையை ஆட்சியர்களுக்கும் செயலாளர்களுக்கும் சேர்த்திருக்கிறது. ஒரே கோப்பு வட்டாட்சியரிடமிருந்து ஆட்சியருக்குப் போகிறது. ஆட்சியருக்கு அந்தக் கடமை தெளிவாக எழுதப்பட்டிருக்கும்போது, அவருக்குக் கோப்பை அனுப்பும் நம் மாநிலப் பணியாளருக்கும் அதே தெளிவோடு எழுதப்பட வேண்டாமா?

சட்டத்தில் நேர்ந்த ஒரு மாற்றம் இந்தத் தேவையை அவசரமாக்கியிருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டம், 1988இல், பொதுநலன் எதுவுமின்றி ஒருவருக்குப் பணப்பயன் கிடைக்கச் செய்வதே குற்றம் என்று சொன்ன பகுதி முன்பு இருந்தது. 2018 திருத்தம் அதை நீக்கிவிட்டது. முடிவெடுத்தல் தொடர்பான புகார்களை விசாரிக்கவே முன் ஒப்புதல் வேண்டும் என்ற 17அ பிரிவையும் சேர்த்தது. நல்லெண்ணத்தோடு முடிவெடுக்கும் அதிகாரி அஞ்சக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆயினும் பணம் கைமாறியதைக் காட்ட முடியாத, உறவுக்காகச் செய்த சலுகைகள் குற்றவியல் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டன. அந்த இடத்தைக் காவல் காக்க நடத்தை விதிகளைத் தவிர வேறெதுவும் இல்லை.

உறவினர் என்றால் யார் என்பதிலும் விதியைத் திருத்த வேண்டும். இப்போதைய விதிகள் கணவன், மனைவியோடு, ஊழியரைச் சார்ந்து வாழ்பவர்களையே முதன்மையாகக் குடும்பமாகக் கொள்கின்றன. சம்பாதிக்கும் மகனும், தனிக்குடித்தனம் போன மகளும், அண்ணன் தம்பியும், மைத்துனரும், சம்பந்தியும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. நம் ஊரில் காரியம் நடப்பதோ பெரும்பாலும் இவர்கள் வழியாகத்தான். உத்தரமேரூர்க் கல்வெட்டை எல்லாரும் குடவோலைத் தேர்தலுக்காக நினைவுகூர்கிறார்கள். எனக்கு அதில் வியப்பூட்டுவது வேறொரு பகுதி. முதலாம் பராந்தகன் காலத்தில், 921ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட அந்த விதி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டும் விலக்கவில்லை. சித்தி, பெரியம்மை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தவர், தகப்பனோடு பிறந்தவர், உடன்பிறந்தாளை மணந்தவர், மருமகன் என்று உறவுகளைப் பெயர் சொல்லி அடுக்கி, அவர்கள் பெயரையும் குடத்தில் இடக் கூடாது என்கிறது. கணக்குக் காட்டாத ஒருவருக்காக அவர் அத்தை மகனைத் தண்டிப்பதை நான் ஆதரிக்கவில்லை. அதிகாரம் எந்த உறவு வழியாக ஒழுகும் என்பதை அந்தச் சபையார் அறிந்து, மழுப்பாமல் எழுதி வைத்தார்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். புதிய விதியும் உறவுகளை அப்படிப் பெயர் சொல்லிப் பட்டியலிடட்டும். "சார்ந்து வாழும்" என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள இடம் இருக்கக் கூடாது.

அன்பளிப்பு பற்றிய விதியில் மொய்யையும் பேச வேண்டும். திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா போன்றவற்றில் வழக்கத்தையொட்டித் தரப்படும் பரிசுகளை வரம்புக்கு உட்பட்டு விதி அனுமதிக்கிறது, அது சரியே. மொய் என்பது உறவினரும் ஊராரும் ஒருவருக்கொருவர் செய்து திருப்பும் கடன். நோட்டில் எழுதி வைப்பதே நாளை அவர் வீட்டு விழாவில் திருப்பிச் செய்வதற்காகத்தான். ஆனால் தம் வீட்டு விழாவுக்கு அதிகாரி வந்து அதே தொகையைத் திருப்பிச் செய்வார் என்று எதிர்பார்க்காமல், அதிகாரி வீட்டு விழாவில் உறையை நீட்டும் ஒப்பந்ததாரர் செய்வது மொய் ஆகாது. அலுவலகத்தோடு தொழில் தொடர்புள்ளவரிடமிருந்து எந்த விழாவிலும் எந்தத் தொகையும் வாங்கக் கூடாது என்று விதி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். இடைத்தரகரின் கைப்பேசி எண்ணுக்கு மின்வழியில் அனுப்பச் சொல்லும் பணத்தையும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை வேறொருவர் கட்டுவதையும் அதே இடத்தில் சேர்த்துவிட வேண்டும். 1973இல் இவற்றை யாரும் கற்பனை செய்திருக்க முடியாது.

அடுத்தது வாய்மொழி உத்தரவு. ஊழியரின் நேர்மையைக் குலைப்பதில் லஞ்சத்தைவிட இதற்கே பங்கு அதிகம் என்பது என் அனுபவம். "மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்" என்ற சொல் கோப்பில் எங்கும் இருக்காது, கோப்பின் முடிவில் மட்டும் இருக்கும். எங்கள் அலுவலகத்தில் பணியில் சேர்ந்து மூன்றாண்டுகூட ஆகாத உதவியாளர் ஒருவர், அப்படிச் சொல்லப்பட்ட ஒரு விண்ணப்பத்தில் பரிந்துரை எழுத மறுத்து, "எழுத்துப்பூர்வ ஆணை வேண்டப்படுகிறது" என்று குறிப்பெழுதி வைத்தார். அந்த வாரமே அவருக்குப் பணியிட மாறுதல் ஆணை தயாரானது. மாவட்டத்தின் மறுகோடிக்கு, "நிர்வாக நலன் கருதி". அந்த ஆணையின் வரைவைத் தட்டச்சுக்குக் கொடுத்தவன் நான்தான். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தமக்கு வந்த தாள்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டை நிலுவை இல்லாமல் முடித்து, என் மேசையில் வைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் கேட்டார். கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவருக்கு அன்று நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது போதவில்லை என்பது எனக்குத் தெரியும்.

முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் முதலானோர் தொடுத்த வழக்கில், வாய்மொழி உத்தரவுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பொருள் மாவட்ட அலுவலகத்தின் உதவியாளர் மேசைவரை இறங்கி வர வேண்டும். வாய்மொழியாக உத்தரவு பெற்றவர் அதை அன்றே கோப்பில் அல்லது மின்னஞ்சலில் பதிந்து, உறுதி செய்யக் கேட்கலாம் என்ற உரிமையும், குறித்த நாட்களுக்குள் உறுதி செய்யப்படாவிட்டால் அந்த உத்தரவு செல்லாது என்ற விளைவும், அப்படிக் கேட்டவரை ஓராண்டுக்குள் மாற்றுவதானால் காரணத்தை விரிவாக எழுதி அடுத்த நிலை அதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற தடையும் விதிகளில் இடம்பெற வேண்டும். "நிர்வாக நலன்" என்ற இரு சொற்கள் ஓர் ஆணைக்குக் காரணமாக இனி ஏற்கப்படக் கூடாது. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் மத்தியச் சட்டம் 2014இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றும் நடைமுறைக்கு வரவே இல்லை. அதற்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் மாநிலத்துக்கு இல்லை.

இனி, சங்கங்களுக்கு. நடத்தை விதி என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் 22ஆம் விதி என்பதை நான் அறிவேன். 2003 ஜூலையில் ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே மூச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டதையும், அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை கிடையாது என்று சொன்னபோது இதே 1973 விதிகளைச் சுட்டியதையும் அந்தத் தலைமுறையில் யாரும் மறக்கவில்லை. அன்று அழுதுகொண்டே மன்னிப்புக் கடிதம் எழுதியவர்களுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அதனால்தான் விதித் திருத்தம் என்று பேச்செடுத்தாலே நம்மை ஒடுக்கவே இது என்ற ஐயம் எழுகிறது. அந்த ஐயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்த ஐயத்தினால், நேர்மையான ஊழியருக்குக் கவசமாக வேண்டிய திருத்தங்களையும் நாம் கேட்காமலே இருந்துவிட்டோம். அகவிலைப்படிக்கும் ஓய்வூதியத்துக்கும் எழுதிய கோரிக்கை மனுக்களில், "வாய்மொழி உத்தரவை எழுத்தில் தருக" என்ற கோரிக்கையை முதல் பக்கத்தில் நான் பார்த்த நினைவில்லை. சான்றிதழுக்காக மூன்றாம் முறை வந்து நிற்கும் மக்கள் நம் எல்லாரையும் ஒரே கண்ணால் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையால் அதிகம் நோகிறவர், கை நீட்டாமல் வேலை செய்யும் நம் சங்க உறுப்பினர்தான். வரைவு தயாராகும்போது எதிர்த்தரப்பாக நிற்காமல், எழுதும் மேசையில் உட்காருங்கள்.

செயலாளர் அவர்களுக்கு நடைமுறை பற்றி ஒரு சொல். இவ்விதிகள் அரசியலமைப்பின் 309ஆம் பிரிவின் கீழ் இயற்றப்பட்டவை. திருத்துவதற்குச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவர வேண்டியதில்லை, அரசாணை போதும். அந்த எளிமையே ஆபத்தாகவும் ஆகக்கூடும். யாருக்கும் தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் வெளியாகும் ஆணை, திங்கட்கிழமை காலையில் இன்னொரு சுற்றறிக்கையாகப் பீரோவுக்குள் போய்விடும். ஆகவே வரைவைத் தமிழில், அலுவலக உதவியாளரும் படித்துப் புரிந்துகொள்ளும் நடையில் வெளியிட்டு, ஊழியரிடமும் பொதுமக்களிடமும் கருத்துக் கேட்க இரண்டு மாத அவகாசம் தருமாறு வேண்டுகிறேன். ஒவ்வொரு விதிக்கும் கீழே அலுவலகங்களில் உண்மையில் நிகழும் இரண்டு மூன்று சூழல்களை எடுத்துக்காட்டாகச் சேருங்கள். விலைப்புள்ளி, மொய், மாறுதல், வாரிசுச் சான்று என்று எழுதினால் புரிந்துகொள்ளாத ஊழியர் எவரும் இல்லை.

பணியமைப்புப் பிரிவில் இருந்த ஆண்டுகளில், இந்த விதிகள் எங்கெங்கே தடுமாறுகின்றன என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். பெயர்களை நீக்கிவிட்டு அதைத் துறைக்கு அனுப்பித் தரவும், வரைவுக் குழு விரும்பினால் நேரில் வந்து விளக்கவும் நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர்